மணிக்கட்டுக்குச் சாட்சி யார்?

2025இல் உப்புப் பைக்கற்றைத் தேடிக் கடை கடையாக அலைந்தோம். பருவம் தப்பிய மழையில் புத்தளத்து விளைச்சல் அடிபட்டுப் போக, இந்தியாவிலிருந்து உப்பு வரவேண்டியதாயிற்று. சுற்றிவரக் கடல் உள்ள நாட்டுக்கு இந்தக் கேடா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். உப்பை வாரிக் குவிக்கிற கைகள் எப்படி இருக்கின்றன என்ற பேச்சு மட்டும் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.

அங்கவீனமுற்ற முன்னாள் படையினரின் கொடுப்பனவுகளைப் பற்றி எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தை ஒதுக்கினார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வரை போகிற ஒருவருக்குப் படைமுகாமைவிட உப்புப் பாத்தியும் மீன் வாடியும்தான் அதிகம் கண்ணில் படும்.

2018இல் அங்கவீனமுற்ற படையினர் கொழும்பு கோட்டையில் நடத்திய போராட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 12 வருடச் சேவை நிறைவதற்கு முன்பே காயப்பட்டு விலகியவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. அவர்களுக்காகப் பேச 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ரணவிரு சேவா அதிகாரசபையாவது இருக்கிறது.

வெளிநாடுகளில் படைவீரரின் கையை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்புத்தான் வரும். அமெரிக்காவில் மணிக்கட்டின் அசைவு வெகுவாகக் குறைந்துபோனால் 10 வீத அங்கவீனம் என்று கணக்கு. அசையவே முடியாமல், அதுவும் கோணலாக இறுகிவிட்டால் பழகிய கைக்கு 50 வீதம், மற்றக் கைக்கு 40 வீதம். உள்ளங்கைக்குப் போகும் நடு நரம்பு அடியோடு செத்துவிட்டால் 70, 60. இடக்கையரா வலக்கையரா என்று விசாரித்துவிட்டுத்தான் விகிதம் போடுகிறார்கள். இரு பக்கத்துச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்பது அங்கே எழுதப்பட்ட சட்டம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது இன்னும் முக்கியமானது. படையில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் சேவையால் வந்ததல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு.

என் மனம் அந்தப் பரிசோதனைத் தாளில்தான் சிக்கிக்கொண்டது. சேர்ந்த அன்று கை எப்படி இருந்தது என்று சொல்ல இராணுவத்தானிடம் ஒரு தாள் இருக்கிறது. உப்பளத்தில் நாட்கூலிக்கு இறங்கும் பெண்ணின் விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தவர் யார்?

வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாத்தியில் படிந்த உப்பை நீண்ட காம்புப் பலகையால் இழுத்துக் கூட்ட வேண்டும், கூடையில் அள்ள வேண்டும், தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். காம்பைப் பற்றிய பிடி தளராது. ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு மடங்கி நிமிரும். உப்புநீரில் ஊறிய தோல் வெடிக்கும், வெடிப்பு எரியும், எரிச்சலுக்குப் பயந்து விரலை விறைப்பாக வைத்தே வேலை செய்வார்கள். உடப்பில் கரைவலைக் கயிறு இழுப்பவர்களின் கையும் இதே பாடுதான் படுகிறது. கயிறு நனைந்தால் கனம் கூடும், பிடி இன்னும் இறுகும்.

மணிக்கட்டின் முன்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் முதலில் நசுங்குவது நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி மரத்துப் போகும். இரவில்தான் கூடுதல் தொல்லை. எழும்பி உதறினால் உணர்வு திரும்பும். வருடக் கணக்கில் விட்டுவிட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றி, பொத்தான் பூட்டவும் முடியாமல் போகும். கடற்கரை ஊர்களில் இதை ‘வாதம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு எண்ணெய் தேய்ப்பார்கள். அதோடு, பதிவாகியிருக்க வேண்டிய நோய் பதிவில்லாமலே போய்விடுகிறது.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி விபத்து. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து. எந்த உறுப்புப் போனால் எத்தனை வீதம் என்று அட்டவணை போடுகிற அதே பரம்பரைதான். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெருவிரல் முழுதாகப் போனால் 30 வீதம், சுட்டுவிரல் போனால் 14 வீதம் என்று கணக்கு இருந்தது. இயந்திரத்தில் விரல் துண்டானவருக்குத் திகதி உண்டு, நேரம் உண்டு, இரத்தம் பட்ட சாரம் உண்டு. பதினைந்து வருடம் உப்பு வாரி நரம்பு நசுங்கியவர் எந்தத் திகதியை எழுதுவார்?

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரின் முடிவுக்கு எதிராக நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கதை. முறைப்பாட்டுக்கே தாள் இல்லாதவர் மேன்முறையீட்டில் எதைக் காட்டுவது? அவரிடம் இருப்பது ஒரு கிளினிக் கொப்பி. அதில் வலி மாத்திரையின் பெயர் இருக்கும். என்ன தொழில் என்ற கேள்வியும் இராது, பதிலும் இராது. வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை. வெளிநோயாளர் பிரிவில் நிற்கிற சனத்தைப் பார்த்தால் அவர் ஒரு வரி எழுதுவதே பெரிது. ஆனாலும் ‘உப்பளத் தொழிலாளி, வலக்கை’ என்ற மூன்று சொல் அந்தக் கொப்பியில் ஏறியிருந்தால் வழக்கின் போக்கே மாறும்.

பிரித்தானியா மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் இந்த நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதலில் அதிரும் கைக்கருவி பிடித்தவர்களுக்கு மட்டும். பிறகு மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்துபவர்களுக்கும் வழி திறந்தார்கள். கணக்கும் வைத்தார்கள்: முப்பது விநாடிக்கு ஒரு தடவையாவது மடங்க வேண்டும், வாரத்தில் குறைந்தது 20 மணிநேரம், நோய் தொடங்குவதற்கு முந்திய இரண்டு வருடங்களில் மொத்தம் ஒரு வருடமாவது அப்படி வேலை செய்திருக்க வேண்டும். உப்பு வாரும் கையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முப்பது விநாடிக்குள் எத்தனை இழுப்பு!

நீரிழிவு, தைரொயிட் கோளாறு, கர்ப்பகாலம் என்று இதே நோய்க்கு வேறு காரணங்களும் உண்டே, எல்லாவற்றையும் முதலாளி தலையில் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். வேலைக்கு எடுத்த அன்றே ஒரு பரிசோதனை நடந்திருந்தால் அந்தக் கேள்விக்கும் அதே தாள் பதில் சொல்லும்.

மீனவர் நிலை இதைவிடச் சிக்கல். கரைவலையில் கூலி கிடையாது. பிடிபட்ட மீனில்தான் பங்கு. பங்காளிக்கு முதலாளி யார் என்பதிலேயே வழக்கு முட்டிக்கொள்ளும். மீனவர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டத்துக்கென்று 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது தவணை கட்டிச் சேர்ந்தவருக்கான திட்டம். மீன்பாடு இல்லாத மாதத்தில் அடுப்பு எரிய வேண்டுமா, தவணை கட்ட வேண்டுமா?

உப்புப் பருவம் தொடங்குமுன் பாத்தியைத் துப்புரவாக்குவார்கள், வரம்பைச் சரி பார்ப்பார்கள், நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவார்கள். அந்தக் கிழமையில் ஒரு நாள் போதும். வேலைக்கு வருகிறவர்களை வரிசையில் அமர்த்தி, இரு மணிக்கட்டையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் மரக்கிறதா என்று கேட்டு எழுதிவைக்க ஒரு தாதி போதும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பிரதி முதலாளியிடம், ஒரு பிரதி தொழிலாளியிடம். செலவு ஒரு மூட்டை உப்பின் விலைகூட வராது. இந்த யோசனையைச் சொன்னால் வருகிற முதல் பதில், “இவங்க நிரந்தரமில்லாத ஆக்கள், அடுத்த பருவத்துக்கு யார் வருவாங்களோ தெரியாது” என்பதாகத்தான் இருக்கும். அடுத்த பருவத்துக்கு வராமல் நின்றவர்களில் எத்தனை பேர் கை ஏலாமல் நின்றார்கள் என்பதையும் அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும்.