தோட்டாவில் களிம்பு பிடித்தால் என்ன செய்வது? கொச்சி முகாம் விபத்தும் ஆயுதச் சட்டமும்

மட்டாஞ்சேரி (கொச்சி): மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள எர்ணாகுளத்தில், காவல்துறை ஆயுதப்படை முகாமின் சமையலறையில் 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் தோட்டாக்கள் வெடித்துச் சிதறின. காவல் அதிகாரி ஒருவரின் இறுதிச் சடங்கில் வானை நோக்கிச் சுட்டு மரியாதை செலுத்துவதற்காக எடுக்கப்பட்டவை அவை. பெட்டியில் கிடந்த அந்தத் தோட்டாக்களில் களிம்பு பிடித்திருந்தது. வழக்கமாக வெயிலில் காய வைக்கப்படும் அவற்றை, நேரம் இல்லாததால் வாணலியில் இட்டுச் சூடாக்கியபோது இந்த விபத்து நேரிட்டது. யாருக்கும் காயம் ஏற்படவில்லை. மாநகரக் காவல் ஆணையர் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

ஆயுதப் பயிற்சி பெற்றவர்களிடையே நிகழ்ந்த தவறு இது. தற்காப்புக்காகவோ, பயிர்களைக் காப்பதற்காகவோ உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களில் இது நிகழ வாய்ப்பு இன்னும் அதிகம்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளை விளக்குகளையும் பாத்திரங்களையும் காணலாம். கடற்காற்றில் அவை மங்குவது இயல்பு. தோட்டாவின் உறையும் பெரும்பாலும் பித்தளையே; அதில் ஏறத்தாழ 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். ஆனால் குத்துவிளக்குக்கு உகந்த வைத்தியம் தோட்டாவுக்கு உகந்ததன்று.

உறைக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது தானாகவே தீப்பற்றக்கூடும். அடுப்பில் வைத்த வெறும் வாணலி அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். முகாமில் சூடாக்கப்பட்டவை முனையில் குண்டு இல்லாத தோட்டாக்கள். ஆனாலும் அவற்றுக்குள் மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இருந்தன. துப்பாக்கிக்குள் வெடிக்கும்போது எஃகு அறை உறையைத் தாங்கிக்கொள்கிறது. வாணலியில் அந்தத் தாங்கல் இல்லை. உறை கிழிந்து பித்தளைச் சிதறல்கள் பறக்கும். கண்ணுக்கு அதுவே பெரும் ஆபத்து.

சுட்டு முடித்த காலி உறையைச் சூடாக்குவதும் தவறே. அடிப்பகுதி சூடேறினால் பித்தளை மென்மையாகிவிடும். அத்தகைய உறையை மீண்டும் பயன்படுத்தினால், சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே அது பிளக்கக்கூடும். அம்மோனியா கலந்த மெருகூட்டும் திரவங்களையும் தவிர்க்க வேண்டும். இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921ஆம் ஆண்டில்தான் விளக்கப்பட்டது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி சுடும் ஆர்வலர்கள் காலி உறைகளை வீட்டிலேயே சுத்தம் செய்து மீண்டும் மருந்து நிரப்புகின்றனர். அதற்கெனப் பல கருவிகள் விற்கப்படுகின்றன. வால்நட் ஓட்டுத் தூள் அல்லது சோளத்தக்கைத் தூளுடன் உறைகளை அதிரவைக்கும் கலம் மலிவானது. ஆனால் பிரைமர் எச்சத்தில் உள்ள ஈயம் தூசியாகப் பறந்து மூச்சில் கலக்கும். தண்ணீரும் எஃகு ஊசிகளும் இட்டுச் சுழற்றும் கலத்தில் தூசி எழாது. ஆனால் அழுக்கு நீரில் ஈயம் தங்கும். உறைகளையும் முழுமையாக உலர்த்த வேண்டும். கொச்சியின் ஈரக்காற்றில் அது எளிதன்று. மீயொலி அலைகளால் கழுவும் கருவி சிறு எண்ணிக்கைக்கு ஏற்றது. இவற்றில் எதிலும் மருந்துள்ள தோட்டாவை இடுவதில்லை. அடுத்து, அழுத்தக் கருவியும் மருந்தை அளக்கும் தராசும் தேவை. மருந்து 'கிரெயின்' என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். அளவில் ஏற்படும் சிறு பிழையும் துப்பாக்கியையே உடைத்துவிடும்.

காணொளிகளைப் பார்த்து இத்தகைய கருவிகளைத் தேடும் இந்தியர்கள் முதலில் அறிய வேண்டியது விலையை அன்று, சட்டத்தை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூட 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதாவது, மருந்து நிரப்பும் அழுத்தக் கருவியை வெறும் பட்டறைச் சாமானாகச் சட்டம் பார்ப்பதில்லை. உரிய உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைப் பிரிவு 5 தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, இக்குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம், தோட்டா தயாரிப்பதற்கான உரிமம் ஆகாது. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுவே.

அப்படியானால் உரிமம் பெற்றவரின் அலமாரியில் உள்ள தோட்டாக்கள் மங்கியிருந்தால் என்ன செய்யலாம்? உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைப்பது போதும். பச்சைக் களிம்பு ஏறி, உறை அரிக்கப்பட்டிருந்தால் அவற்றைச் சுடவே கூடாது. எப்படி ஒப்படைப்பது என்பதை உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டறிய வேண்டும். தாத்தா காலத்துப் பெட்டியிலோ பழைய சாமான்களுக்கிடையிலோ அடையாளம் தெரியாத தோட்டா அகப்பட்டால், அதைத் தேய்த்துப் பார்ப்பதும் பையில் போட்டு எடுத்துச் செல்வதும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும்.