விரலுக்கு வந்த மரியாதை!

எனக்கு வயது 58. கல்யாணத்துக்கு முன்பே குரோஷா கற்றுக் கொண்டவள். "டிவி' கவர், மேஜை விரிப்பு, குழந்தைக்குக் குல்லா என்று பின்னித் தள்ளுவேன். என் கணவரோ, "வேலையத்த வேலை' என்பார். "கடையில வாங்கினா நூறு ரூபா, ஏம்மா கண்ணைக் கெடுத்துக்கறே?' என்று பிள்ளைகளும் சொல்ல, மனம் வெறுத்து ஊசியைப் பரணில் போட்டு விட்டேன்.

சென்ற மாதம், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். லேப்டாப்பில் பவளப் பாறைகளின் படத்தைக் காட்டி, "நல்லாப் பாருங்க அத்தை, இதெல்லாம் குரோஷா' என்றாள். அசந்து போனேன்!

அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக் கழகக் கணித ஆசிரியை டைனா தைமினா, 1997ல், வளைந்து நெளியும் ஒரு வகைப் பரப்பை மாணவர்களுக்குக் காட்ட நினைத்தாராம். காகிதத்தில் செய்தால் கிழிந்து விடும் என்பதால், குரோஷாவில் பின்னி விட்டார். லாஸ் ஏஞ்சல்சில் வசிக்கும் மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள், அதே முறையில், 2005ல் பவளப் பாறை பின்ன ஆரம்பித்தனர். கடல் சூடேறி, நிஜப் பவளப் பாறைகள் அழிகின்றனவே என்ற கவலை தான் காரணம். நூலோடு பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்துப் பின்னினர். பல நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கொள்ள, 2019ல் வெனிஸ் கலைக் கண்காட்சி வரை போனது. பல ஊர்களில், பின்னியவர்கள் பெயரையும் எழுதி வைக்கிறார்களாம். என், "டிவி' கவரில் யார் பெயர் இருந்தது?

அன்றே பரணிலிருந்து ஊசியை இறக்கினேன். ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்ட வேண்டும். வரிசைக்கு வரிசை இதே கணக்கு. அவ்வளவு தான்! ஓரம் சுருண்டு சுருண்டு, கோழிக்கொண்டைப் பூ மாதிரி வந்தது. மூன்றுக்கு ஒன்று என்று மாற்றினால், இன்னும் நெருக்கமாகச் சுருள்கிறது.

"இதைத் தான் அத்தை நாங்க, "புரோகிராம்'னு சொல்றோம். ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்யறது. "டிஜிட்டல்'ங்கற வார்த்தையே, லத்தீன்ல விரலைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது தான்' என்றாள்.

பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் கணவர், அந்தப் பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சுக்கு ஒண்ணா?' என்று கண்ணியை எண்ண ஆரம்பித்தார். 34 வருஷத்தில் இது தான் முதல் தடவை!

தோழிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஊசி கிடக்கலாம். இறக்கி விடுங்கள்!

— ஒரு வாசகி.