"வீட்டில் சொல்லித் தர ஆளில்லை" என்னும் குற்றச்சாட்டு

ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: "வீட்டில நீங்க உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாத்தானே பிள்ளைக்குப் படிப்பு வரும்?" எதிரில் நிற்பவர், விடியற்காலை ஐந்து மணிக்குத் தூய்மைப் பணிக்குப் போய்த் திரும்பிய தாயாகவோ, செங்கல் சூளையில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த தந்தையாகவோ இருப்பார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். "இவர்களுக்கு அக்கறையில்லை" என்ற இரண்டாவது வாசகம் அப்போது பிறக்கிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கான விளக்கம் இந்த இரண்டு வாசகங்களிலும் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

வீடு உதவ முடியாது என்று நாம் சொல்ல வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வீடும் நிறையச் செய்ய முடியும். ஆனால் யாருடைய கடமை எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் சேர்த்த 51அ(ட) உறுப்பு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வாய்ப்பை அளிப்பது வேறு, பாடம் நடத்துவது வேறு. பாடம் நடத்தும் கடமையைக் கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆசிரியர்மீது வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும். தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்றல் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். கடமை தவறினால் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு. ஆகவே, பெற்றோர் கூட்டம் என்பது பள்ளி பெற்றோருக்குக் கணக்குச் சொல்லும் இடம். நம் தெருக்களில் அது தலைகீழாக நடக்கிறது.

வீட்டுப்பாடத்தின் கதையும் இதுதான். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என உத்தரவிட்டது. 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றே கூறுகிறது. ஆறு வயதுப் பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தனியாகச் செய்யாது. யாரேனும் உடனிருந்து செய்விக்க வேண்டும். படித்த தாயும் தந்தையும் உள்ள வீட்டில் அது நடந்துவிடும். மற்ற வீடுகளில் மாதம் சில நூறு ரூபாய்க்கு டியூஷன் தேட வேண்டியிருக்கிறது, அல்லது பிள்ளை மறுநாள் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

'படித்த வீடு' என்பது இயற்கையாக முளைப்பதன்று. அண்ணல் அம்பேத்கரின் இளமையைப் பாருங்கள். பள்ளியில் அவர் உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்து எடுத்துச் சென்றதை நாமெல்லோரும் அறிவோம். அவருடைய வீட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தந்தை ராம்ஜி பிள்ளைகளைத் தாமே உட்கார வைத்துப் படிப்பித்தவர். பம்பாய் பரேல் பகுதியின் ஒற்றை அறையில் மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்து, நள்ளிரவுக்குப் பின் எழுப்பிப் படிக்க வைத்தார் என்றும், புத்தகம் வாங்க மணமான மகள்களின் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார் என்றும் தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ராம்ஜிக்கு அந்தத் திறன் எங்கிருந்து வந்தது? அவர் ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். மகர் வீரர்களின் குடும்பங்களுக்குள் எழுத்து நுழைந்தது ராணுவம் கல்வியைக் கட்டாயமாக்கியதால். 1890களின் தொடக்கத்தில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது அந்த வழியும் அடைபட்டது. ஒரு தலைமுறையில் அரசு செய்ததுதான் அடுத்த தலைமுறையில் வீட்டின் 'அக்கறை'யாகத் தெரிகிறது. செய்யத் தவறியதும் அப்படித்தான்.

சரி, இன்று மாலை அந்தத் தாய் என்ன செய்யலாம்?

முதல் வகுப்பில் பிள்ளைக்கு நேரும் இடர்ப்பாடு எழுத்தோடு மட்டும் தொடங்குவதில்லை. வீட்டில் 'வாரான்', புத்தகத்தில் 'வருகிறான்'. வீட்டில் 'தண்ணி', புத்தகத்தில் 'தண்ணீர்'. தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் இந்த இரட்டைத் தமிழைக் கடந்தாக வேண்டும். செய்தித்தாளும் கதைப்புத்தகமும் புழங்கும் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கு வருமுன்பே எழுத்துத் தமிழைக் காதால் கேட்டிருக்கிறது. நம் பிள்ளை அதை முதன்முதலாகக் கேட்பது வகுப்பறையில். அதுவும் பெரும்பாலும் திருத்தலாகவே கேட்கிறது. "நேத்து எங்க வீட்டுல கறி" என்று ஆசையாகச் சொன்ன பிள்ளையிடம் "என்ன கறி?" என்று கேட்டு வகுப்பு சிரித்தால், அதன்பின் அப்பிள்ளை வாய் திறப்பதில்லை. பேசாத பிள்ளைக்கு வாசிப்பு வருவது கடினம். எனவே வீட்டின் முதல் வேலை பிள்ளையைப் பேச விடுவது. அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை அது சொல்லட்டும், நாம் குறுக்கே திருத்தாமல், "அப்புறம்?" என்று மட்டும் கேட்போம். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகிய பிள்ளை, பின்னாளில் பத்தியைப் படித்துப் பொருள் கொள்வதும் எளிதாகும்.

அடுத்தது ஒலி. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுகின்றன: கல், கால்; பல், பால்; படம், பாடம்; வடை, வாடை. காலெழுத்தை எங்கே போடுவது என்று பிள்ளை திணறும்போது, பெரும்பாலும் அதன் காது அந்த வேறுபாட்டை இன்னும் பிரிக்கவில்லை என்றே பொருள். இதை விளையாட்டாகச் செய்ய எழுத்தறிவு வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே தாய் "கல்" என்றால் பிள்ளை "கால்" என்று சொல்லட்டும். 'மா'வில் தொடங்கும் சொற்களை மாறி மாறிச் சொல்லலாம்: மாடு, மாமா, மாலை. 247 எழுத்துகளையும் வரிசையாகப் பத்து முறை எழுத வைப்பதைவிட இந்தப் பதினைந்து நிமிடம் மேலானது என்பதே நம் கருத்து. தண்டனையாக எழுத வைக்கும் இம்போசிஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. பூக்கட்டும் தாய் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைக்கும்போது பிள்ளை நான்கு நான்காக எண்ணலாம். விறகுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால், மூன்று கட்டும் நான்கு உதிரியும் முப்பத்து நான்கு என்று கைக்குத் தெரிந்துவிடும். பல்லாங்குழியும் தாயமும் எண்ணாமல் ஆட முடியாதவை.

வாசித்துக் காட்டுவதுதான் எழுத்தறியாத பெற்றோரால் இயலாதது. இங்கேதான் இதை வாசிக்கும் கல்லூரி மாணவர்களிடம் நம் கோரிக்கை. உங்கள் தெருவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மாலையில் 20 நிமிடம், ஒரு கதை, வரிக்குக் கீழே விரல் நகர்த்தி உரக்க வாசியுங்கள். கதையை உங்கள் தெருப்பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள். "அந்தக் கதையே வேணும்" என்று மறுநாளும் கேட்டால் அதையே வாசியுங்கள்; குழந்தைகள் அப்படித்தான் எழுத்தை அடையாளம் காண்கிறார்கள். சேரிகளில் அம்பேத்கர் பெயரால் இரவுப் பாடசாலை நடத்திய தலைமுறைகள் நமக்கு முன் இருந்தன. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் பின்பற்றியது அந்தத் தெருவோர வகுப்பைத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: நாம் வாசித்துக் காட்டுவது பள்ளியின் கடமையைக் குறைத்துவிடக் கூடாது.

பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால், சோம்பல் என்று அடிக்காதீர்கள். எங்கே உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய், உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், துடைப்பத்தை யாரிடம் கொடுத்தார்கள் என்று ஆறுதலாகக் கேளுங்கள். பட்டியலினக் குழந்தைகளைப் பள்ளிக் கழிவறை கழுவ வைத்ததாக வழக்குகள் பதிவான மாநிலம் இது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 9ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின்மீது சுமத்துகிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 இருக்கிறது. எந்தப் புகாருக்கும் அடிப்படை, வீட்டில் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, நாளையும் பேரையும் குறித்து வைத்திருப்பதுதான்.

பள்ளியிடம் கேட்பதற்கும் முறை உண்டு. "பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்றால் "பரவாயில்லை" என்ற பதிலே கிடைக்கும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகிறார்கள். "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான், எத்தனை மாதமாக அதே நிலையில் இருக்கிறான், மேலே கொண்டுவர நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும் தாயிடம் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்ப முடியாது. இந்த மூன்று கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்னால் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதும், முடிந்தால் உடன் செல்வதும் பெரிய உதவி. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தங்கிய பிரிவினருக்கு விகிதாசார இடம் வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பள்ளிக் குழுவில் காலனியிலிருந்து யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். ஆசிரியர் பற்றாக்குறையும் உண்மைதான். 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்ட அட்டவணை. ஒருவரே இருந்தால், அவரோடு சண்டையிடுவதை விட்டு அவருக்காகவும் சேர்த்து மனு எழுத வேண்டும்.

ஆறு வயதுக்குக் கீழே சட்டம் மெலிந்துவிடுகிறது. 21அ உறுப்பின் அடிப்படை உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயது 45ஆவது உறுப்பின் வழிகாட்டு நெறியோடு நிற்கிறது. அங்கன்வாடியோ பல இடங்களில் ஊருக்குள் இருக்கிறது, பிள்ளைகள் காலனியில் இருக்கிறார்கள். பி.யூ.சி.எல். தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த உத்தரவு இங்கே பயன்படும். அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து மக்கள் கோரினால், மூன்று மாதங்களுக்குள் மையம் திறக்க வேண்டும் என்றும், பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது கூறியது. அவ்வழக்கு பின்னர் முடித்து வைக்கப்பட்டாலும், மனுவில் அவ்வுத்தரவைச் சுட்டிக்காட்டத் தடையில்லை. குழந்தைகளின் பெயரையும் வயதையும் வீடு வீடாகச் சென்று எழுதுங்கள். பெற்றோரிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, மாவட்ட ஆட்சியருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.