தகட்டுக்குள் இருக்கும் மரம்

பழைய மோட்டார் கார் என்றதும் இரும்புதான் நம் நினைவுக்கு வரும். பளபளக்கும் தகட்டுக்கு உள்ளே ஒரு மரச்சட்டம் இருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கல்லிடைக்குறிச்சியில் என் தாத்தா விட்டுச்சென்ற 1930களின் ஆஸ்டின் காரைச் செப்பனிட்டபோதுதான் நானும் அதை அறிந்தேன்.

குதிரை வண்டி கட்டியவர்களே பிற்காலத்தில் காருக்கும் 'பாடி' கட்டினார்கள். 1840இல் சென்னையில் வண்டி செய்யத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். இங்கிலாந்தில் சட்டத்துக்கு 'ஆஷ்' என்னும் மரத்தை விரும்பினர். அது வளைந்து கொடுக்கும்; எளிதில் முறியாது. 1914இல் அமெரிக்காவின் டாட்ஜ் கார் முழு எஃகு உடலுடன் வந்தது. அதன்பின் மரம் மெல்ல விலகியது. ஆயினும் இங்கிலாந்தின் மார்கன் நிறுவனம் இன்றும் ஆஷ் மரத்தைக் கைவிடவில்லை.

எங்கள் காரின் கதவு தொங்கிப் போயிருந்தது. கீலை மாற்றினால் போதும் என்று எண்ணினேன். மாட்டு வண்டி செய்து பழகிய எங்கள் ஊர் ஆசாரியோ, கதவுத் தூணின் அடியில் உளியை வைத்து அழுத்திக் காட்டினார். புட்டுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது! தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே பல்லாண்டு தங்கிய மழைநீர் செய்த வேலை அது.

முதலில் குறுக்குக் கட்டைகள் அடித்துப் பாடியின் வடிவத்தை நிலைநிறுத்தினோம். இல்லையேல் தகட்டைக் கழற்றியதும் கூடு கோணிவிடும். பிறகு உக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்தோம். அதை அடுப்புக்குக் கொண்டுபோன என்னை ஆசாரி தடுத்தார்.

"எரிச்சிராதீய தம்பி, அதுதான் நமக்கு அளவு."

எங்களிடம் வரைபடம் ஏதுமில்லை. தூணின் வளைவும் சாய்வும் அந்த உக்கிய துண்டில் மட்டுமே மிஞ்சியிருந்தன. அதைப் பலகைமேல் வைத்துக் கோடிழுத்து, நன்கு உலர்ந்த தேக்கில் புதுத்துண்டு செதுக்கினார். பழைய மரத்தோடு நேராக அல்லாமல் சாய்வாக வெட்டிப் பொருத்தினார். ஒட்டும் பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் அல்லவா? துருவேறிய இரும்பு ஆணி சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆகவே பித்தளைத் திருகாணிகளை முடுக்கினார். நீர் வடிய அடியில் துளைகளும் இட்டார். மறுநாள் கதவு ஒரே தள்ளில் மூடிக்கொண்டது.

ஆசாரிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் தொழில் பழக யாருமில்லை. நான் அளவுகளை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். ஆனால் உளியைத் தட்டும் பதத்தை எந்த நோட்டில் எழுதுவது? அதற்கு அவர் அருகில்தான் உட்கார வேண்டும். இவ்விடுமுறையில் உட்காரப் போகிறேன்.