இலேசான குறைபாடு யாருக்கு இலேசு?

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களின் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் உழைப்பவர் மயங்கி விழுந்து இறந்தால் ‘வெயில்’, ‘குடி’ என்னும் இரு சொற்களோடு பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடுகிறது. அவரது இரத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் அது அரிவாள் செல் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் நோயாளி அல்லர்; மரபணுவைச் சுமப்பவர். இவர்களுள் பெரும்பாலோர் எந்தத் தொல்லையுமின்றி வாழ்கின்றனர். எனினும் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் இவர்களுக்குக் குறைவாதலால் உடலில் நீர் விரைவில் வற்றும். சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் வரும். கடும் வெப்பத்தில் நீரும் ஓய்வும் இன்றி உழைத்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை முடக்கக்கூடும்.

அமெரிக்க இராணுவத்தின் கறுப்பினப் படையினர் ஏறத்தாழ 48,000 பேரைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. மரபணுவைச் சுமப்போருக்குத் தசைச்சிதைவு ஆபத்து 54 விழுக்காடு கூடுதல், இறப்போ கூடவில்லை. அங்கே தண்ணீரும் ஓய்வும் அனைவருக்கும் விதி. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதே கூலி. ஓய்ந்தால் முன்பணக் கடன் அடையாது. ‘இலேசானது’ என்னும் மருத்துவச் சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

இம்மரபணு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. நம் சூளைகளில் உழைக்கும் இருளர் பழங்குடியினர்தாம். ஆனால் அவர்கள் வாழுமிடம் ‘பழங்குடிப் பகுதி’ அன்று. விதர்ப்பாவின் தலித்துகளிடமும் இம்மரபணு பரவலாக உண்டு. வரைபடத்தை வைத்து இரத்தத்தைத் தேடுவது நமக்கு விளங்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் தலசீமியாவையும் பட்டியலிட்டது. மரபணுவை மட்டும் சுமப்போரைப் பற்றி அது பேசவில்லை. இழப்பீட்டு வழக்கில் ‘பிறவிக் குறை’ என்று முதலாளி தரப்பு வாதிடலாம். அதற்கு விடை உண்டு. நெடுந்தொலைவு லாரி ஓட்டிச் சென்று வழியில் மயங்கி இறந்த ஓட்டுநரின் வழக்கில் (பரம் பால் சிங், டிசம்பர் 2012), பணிச்சுமையே காரணம் எனக் கொண்டு உச்ச நீதிமன்றம் இழப்பீடு அளித்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 25 ஆண்டுகளில் குறைந்தது 46 காவல் மரணங்களுக்கு இம்மரபணுமீது பழி போடப்பட்டதை நியூயார்க் டைம்ஸ் 2021இல் வெளிக்கொணர்ந்தது. ஆதலால் சோதனை வேண்டும் என்று கோரும்போதே, அதன் முடிவு தொழிலாளியின் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் நாம் கோருகிறோம்.