எழுபது வாகனுக்கு மேல் கூடாது!

நம் நாட்டில் ரயில்வே மத்திய அரசின் பொறுப்பு. கூட்ஸ் வண்டியில் எத்தனை வாகன் கோப்பது என்று மாநில அரசுகள் சட்டம் போட முடியாது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் போட்டது.

1912-ல் அரிசோனா மாநிலம், பிரயாணி வண்டிக்கு 14 பெட்டி, கூட்ஸ் வண்டிக்கு 70 வாகன் என்று வரம்பு கட்டியது. தொழிலாளர் பாதுகாப்பே காரணம். வண்டி நீள நீள, இணைப்புகளில் தளர்ச்சி கூடும். பிரேக் போட்டால் கடைசியில் இருப்பவர் தூக்கி எறியப்படுவார்.

ஆனால் அங்கே ஓடிய சரக்கில் நூற்றுக்கு 93 பங்கு, மாநில எல்லையைத் தாண்டிச் செல்வது. நீண்ட வண்டிகளைப் பிரித்து ஓட்டி, பின்னர் மறுபடி கோக்க வேண்டும். இதனால் சதர்ன் பசிபிக் கம்பெனி 30 சதவிகிதத்துக்கு மேல் அதிக வண்டிகளை விட நேர்ந்தது.

1940-ல் வரம்பை மீறியதற்காக அரிசோனா அபராதம் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 1945-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்றது. மாநிலங்களுக்கு இடையேயான வாணிபத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம், அரசியல் சட்டப்படி காங்கிரஸ் எனும் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு உரியது. காங்கிரஸ் சட்டம் செய்யாதபோதும் மாநிலங்கள் அவ்வாணிபத்தின் மீது இத்தனை பாரம் ஏற்றலாகாது. வண்டிகள் பெருகினால் லெவல் கிராசிங் விபத்துகளும் பெருகும் என்பது தீர்ப்பு.

ஒன்பது நீதிபதிகளில் பிளாக், டக்ளஸ் இருவரும் இதை ஏற்கவில்லை. ஆபத்தை எடை போடுவது சட்டசபையின் வேலை, கோர்ட்டின் வேலையல்ல என்றார் பிளாக்.

கம்பெனிகளின் வீண் செலவு ஒழிந்தது. கடைசி வாகனில் நின்ற தொழிலாளியோ, தன் பாதுகாப்புக்கு வாஷிங்டனிடம் மனுப் போட வேண்டியதாயிற்று.