பரம்பரைகளும் வர்க்கமும்: வடசென்னைக் குத்துச்சண்டையின் பொற்காலம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு விளையாட்டின் பொற்காலத்தைப் பற்றிப் பேசுவோர் வீரர் சிலரின் பெயர்களை அடுக்கி அமைவதே வழக்கம். இலக்கிய வரலாற்றாசிரியரிடத்தும் இக்குறை உண்டு. காலத்தை விடுத்துப் புலவரைப் போற்றுவர். எவர் உடல், எவர் அமைத்த அரங்கில், எவர் பொருட்டு மோதியது என்னும் வினாக்கள் எழாதவிடத்துப் பொற்காலம் என்பது வெறும் புகழ்ச்சொல்லாகவே எஞ்சும். பசறைத் தோட்டப்புறங்களைச் சார்ந்த நம்மிற் பலர், பா. ரஞ்சித் இயக்கி 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படத்தின் வாயிலாகவே வடசென்னைக் குத்துச்சண்டையை அறிந்தோம். அத்திரைப்படத்திற்குப் பின்னாலுள்ள சமூக வரலாற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

கையுறை அணிந்து, சுற்றுக்களாக வகுத்துப் பொருதும் முறை 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளால் வரையறை பெற்றது. குடியேற்ற ஆட்சியோடு அது கீழைநாடுகளுக்கும் வந்தது. ஆயின், வந்த இடமெங்கும் அது ஒரே வர்க்கத்தாரிடம் சென்று சேரவில்லை. இலங்கையில் அது பெரும்பாலும் நகரத்து உயர் கல்லூரிகளிலும் படையினரிடையிலுமே வளர்ந்தது. 1938இல் சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிகஸ் தங்கப்பதக்கம் பெற்றமை அம்மரபின் உச்சமாகும். மலையகத் தொழிலாளிக்கோ அந்த அரங்கின் வாயில் திறக்கவில்லை. சென்னையில் நிகழ்ந்தது வேறு. துரைமாரின் விளையாட்டை அங்கு மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தமதாக்கிக் கொண்டனர்.

இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலாய பகுதிகள் துறைமுகத்தையும் பெரம்பூர் இரயில்வேப் பட்டறையையும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையையும் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்கள். மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் உரமேறிய உடலே இங்குள்ளோரின் ஒரே உடைமை. அவ்வுடலுக்குப் பயிற்சியளித்தவர் வாத்தியார். அவர்வழி வந்த மாணவர் கூட்டமே 'பரம்பரை' எனப்பட்டது. எனவே, இங்குப் பரம்பரை என்பது குருதியுறவை மட்டுமன்றி, ஆசிரிய மாணாக்க வழிமுறையையும் சுட்டுவதென்பது மனங்கொள்ளத்தக்கது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் எனப் பரம்பரைகள் பல. அவற்றுள் சார்பட்டாவுக்கும் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்கும் இடையிலான போட்டியே பெரும் புகழ் பெற்றது. இவை 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றே வழங்கப்பட்டன. அத்தொடரில் வித்தை ஆங்கிலேயருடையது, ரோசம் மக்களுடையது. நாட் டெர்ரி என்பாரைச் சார்பட்டாவின் கித்தேரி முத்து வென்றார் என்னும் செய்தி வடசென்னை மக்களின் நினைவில் வீரகதையாகவே நிலைபெற்றுள்ளது.

இப்பொற்காலத்தின் உள்முரண் இங்கேதான் புலப்படுகின்றது. ஆலையிலும் துறையிலும் பெயரற்ற கூலியாக நின்றவன் மேடையில் பெயர்பெற்ற மனிதனானான். சாதி இழிவு சுமத்தப்பட்டவனைப் பார்த்து ஊரே எழுந்து ஆரவாரித்தது. இது மெய்யான விடுதலையுணர்வு. இதனை மக்களை மயக்கும் கேளிக்கை என ஒதுக்குவது வறட்டு வாதமாகும். அதேவேளை, அவன் முட்டி பெரும்பாலும் தன்னையொத்த தொழிலாளியின் முகத்தையே தாக்கியது. அதே மண்ணில்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரும் சாதி இந்துத் தொழிலாளரும் பிளவுண்டு, புளியந்தோப்பிற் கலவரம் மூண்டதும் அங்கேதான். மேடையிலிருந்த பகைமைக்கு விதிகள் இருந்தன, நடுவர் இருந்தார், மணி ஒலித்ததும் அது முடிந்தது. தெருவில் நிகழ்ந்த பிளவுக்கு அவ்வெல்லை இருக்கவில்லை.

இது வடசென்னைக்கு மட்டும் உரிய முரண் அன்று. முகம்மது அலி, ஜோ பிறேசியர் ஆகியோரின் மோதல்களை நோக்குக. வியட்னாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் அலி 1967இல் பட்டத்தை இழந்தார். பிறேசியரோ தென் கரோலினாவின் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து, பிலடெல்பியாவில் இறைச்சிக்கூடத் தொழிலாளியாக இருந்தவர். 1971 மார்ச் 8இல் நியூயோர்க்கில் இவ்விரு கறுப்பினத்தவரும் தலைக்கு 25 இலட்சம் டொலருக்கு மோதினர், பிறேசியர் வென்றார். 1974இலும், 1975இல் மணிலாவிலும் அலி வென்றார். மணிலாப் போட்டி, மார்க்கோஸின் இராணுவச் சட்ட ஆட்சிக்கு விளம்பரமாகவும் அமைந்தது. அலி பிறேசியரை வெள்ளையரின் ஏவலாள் என இழித்துரைத்தார். அவ்வசை பிறேசியரின் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறாதிருந்தது. ஒடுக்கப்பட்டோர் இருவரின் பகைமை பிறருக்கு ஆதாயமாயிற்று. அதே அலி 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப்போட்டி ஆடியபோது, தம் பரம்பரை வீரரைக் கொண்டாடியவாறே வடசென்னை மக்கள் அவரையும் கொண்டாடினர்.

ஒரே மக்கள் இரு கட்சியாய் நின்று பொருதுவது நமக்கும் புதிதன்று. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என வாதிட்டவர்கள் மறுநாள் ஒரே மலையில் கொழுந்தெடுத்தனர். தோட்டங்களில் தொழிற்சங்கப் பிரிவினைகள் அவ்வாறு விடிந்ததும் மறைவனவாக இல்லை. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம், கைகள் ஒன்றுசேரின் யாது நிகழும் என்பதைக் காட்டிற்று. வடசென்னை வீரரின் ரோசம் போற்றத்தக்கது. அதனை எத்திசை நோக்கித் திருப்புவது என்பதை மேடை கற்பிக்காது. அதனை நாமே கற்றாக வேண்டும்.